கேளாமல் தரும் காப்பு

டோம்பிவிலியில் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் உறுப்பினர், தமக்குப் பின் யார் என்று நியமனம் எதுவும் எழுதிவைக்காமல் காலமாகிவிட்டால், அவர் பெயரிலிருக்கும் ஃபிளாட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவதற்கு முன் சங்கம் செய்ய வேண்டிய காரியங்களை மகாராஷ்டிரத்தின் மாதிரித் துணைவிதிகள் விஸ்தாரமாகவே சொல்லியிருக்கின்றன. அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகைகள் இரண்டிலாவது அதை வெளியிட வேண்டும். பாத்தியதை கோருவோரும் ஆட்சேபம் உள்ளோரும் வந்து சொல்ல அவகாசம் தர வேண்டும். 'ஜாஹிர் நோட்டீஸ்' என்ற தலைப்போடு மராத்திப் பத்திரிகைகளின் உட்பக்கங்களில் நாள்தோறும் நெருங்கி நிற்கும் சிறு கட்டங்களில் பல இவ்வாறு வந்தவையே. அதே ஃபிளாட்டில், இறந்தவரின் மகனாக, நாற்பது வயதை எட்டிய ஒருவர் அறிவுசார் குறைபாட்டோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சட்டபூர்வமான காப்பாளராகத் தம்மை நியமிக்கும்படி அவருடைய தமையனார் விண்ணப்பம் கொடுக்கிறார் என்றும் கொள்வோம். அந்த விண்ணப்பத்தைப் பற்றி அந்த மனிதருக்கே முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்று, அதற்கென இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின் எந்தப் பிரிவும் கட்டளையிடவில்லை. வீடு கைமாற ஊரறிய அறிவிப்பு வேண்டும். ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் கைமாற, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் தேவையில்லை.

இந்த வேற்றுமை தற்செயலானதா, அல்லது நம் சட்டங்களின் வரலாற்றில் எங்கோ நேர்ந்த ஒரு திருப்பத்தின் விளைவா என்பதை ஆராய்வது பயனுடையது. ஏனெனில் இங்கே கேள்வி வெறும் காகிதத்தைப் பற்றியது அன்று.

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் பல, அடுத்த தலைமுறைக்கு இடம் போதாமலும் விலை எட்டாமலும், மத்திய ரயில்வேப் பாதையைப் பற்றிக்கொண்டு வடகிழக்கே நகர்ந்து டோம்பிவிலியில் குடியேறின. ரயில்வேயிலும் வங்கிகளிலும் இன்ஷூரன்ஸிலும் மத்திய அரசு அலுவலகங்களிலும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இவர்களில் அநேகர். ஓய்வூதியம், வங்கி வைப்புத் தொகை, சொந்த ஃபிளாட் என்ற மூன்றும் வீட்டிலிருக்க, தனித்து நிருவகிக்க இயலாத ஒரு மகனோ மகளோ உடனிருந்தால், 'எங்களுக்குப் பின்னால்?' என்ற கேள்வி அந்தப் பெற்றோரை ஒருநாளும் விட்டு அகல்வதில்லை. ஊழியரின் இறப்புக்குப் பின், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் தர மத்திய அரசின் விதிகள் இடம் கொடுக்கின்றன. அதைப் பெறப் போகும்போது கௌண்டருக்கு அப்பாலிருந்து வருகிற முதல் கேள்வி, பெரும்பாலும், "கார்டியன்ஷிப் சர்டிபிகேட் இருக்கிறதா?" என்பதே. 2007 நவம்பரில் ரிசர்வ் வங்கி, இத்தகைய சான்றிதழை ஏற்று வங்கிகள் கணக்குத் திறக்கவும் நடத்தவும் அனுமதிக்கலாம் என்று சுற்றறிக்கை விடுத்தது. அனுமதியாக எழுதப்பட்டது, கௌண்டரில் நிபந்தனையாக மாறியது; நம் அலுவலகங்களின் இயல்பை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆக, யாரும் மகனுடைய சுதந்திரத்தைப் பறிக்கும் உத்தேசத்தோடு இந்தச் சான்றிதழைத் தேடிப் போவதில்லை. பென்ஷன் நின்றுவிடக் கூடாதே என்றுதான் போகிறார்கள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு மேலே செல்வது நியாயம்.

அவர்கள் போகும் இடம், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி அமைந்த உள்ளூர் நிலைக் குழு. பேச்சுவழக்கில் 'லோக்கல் லெவல் கமிட்டி'. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளில் உள்ளவர்களின் க்ஷேமத்துக்காக எழுந்தது இச்சட்டம். மாவட்ட ஆட்சியர் தகுதிக்குக் குறையாத ஓர் அதிகாரி, பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என்று மூவரே குழு. நீதிமன்றக் கட்டணமும் வக்கீல் செலவும் வாய்தாவும் இல்லாமல் காப்பாளர் நியமனம் கிடைக்க வேண்டும் என்ற கருணை இதன் அமைப்பிலேயே தெரிகிறது. டோம்பிவிலிவாசிக்குரிய குழு தானே மாவட்ட ஆட்சியரைச் சார்ந்தது. தாராவிக்கும் மாதுங்காவுக்கும் மும்பை நகர மாவட்டம். செம்பூருக்கு மும்பை புறநகர் மாவட்டம். ஒரே குடும்பத்தின் கிளைகள் மூன்று ஆட்சியர் அலுவலகங்களின் கீழ் வருவதும், ஒன்றில் கேட்கும் காகிதத்தை மற்றொன்றில் கேளாமலிருப்பதும் இங்கே சகஜம்.

சட்டத்தின் 14-ஆம் பிரிவைக் கூர்ந்து படித்தால், அது யாரையெல்லாம் கண்முன் நிறுத்திக்கொண்டு பேசுகிறது என்பது புலப்படும். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். பதிவுபெற்ற நிறுவனமும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அப்போது, ஏற்கெனவே காப்பாளராக இருப்பவரின் சம்மதம் பெறப்பட்டிருக்க வேண்டும். குழு இரண்டு கேள்விகளைச் சிந்திக்க வேண்டும்: அந்த நபருக்குக் காப்பாளர் தேவைதானா, என்ன காரியத்துக்காகத் தேவை என்பவை அவை. இந்த இரண்டாவது கேள்வி மிக நல்ல கேள்வி. அதை யாரிடம் கேட்டு விடை காண்பது என்பதுதான் சொல்லப்படவில்லை. விண்ணப்பங்களைப் பெற்று ஆராய்ந்து முடிவுசெய்யும் முறையை ஒழுங்குமுறைகளுக்கு விட்டுவிட்டது சட்டம். விதிகளும் படிவங்களுமோ, காப்பாளராக வருபவர் இந்தியக் குடிமகனா, தண்டனை பெற்றவரா, பிறரை அண்டிப் பிழைக்கும் நிலையில் உள்ளவரா என்பவற்றில் கவனம் செலுத்துகின்றன. நியமனமான காப்பாளர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும் என்றும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவுசெலவுக் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் 16-ஆம் பிரிவு கண்டிப்பாகப் பேசுகிறது. அடுத்த பிரிவு இன்னும் வியப்புக்குரியது. காப்பாளர் கொடுமை செய்தாலோ புறக்கணித்தாலோ சொத்தைக் கையாடினாலோ அவரை நீக்கும்படி கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு, உறவினருக்கு உண்டு, பதிவுபெற்ற நிறுவனத்துக்கு உண்டு. கொடுமைக்கு ஆளாகிறவரின் பெயர் அந்த வரிசையில் இல்லை.

குழு விரும்பினால் அவரை வரவழைக்கத் தடையேதும் இல்லையே என்பர் சிலர். உண்மை, நேரில் அழைத்துவரச் சொல்லும் குழுக்களும் உண்டு. ஆயினும் காட்டப்படுவது வேறு, சொல்லப்படுவது வேறு. புதுச் சட்டை அணிவிக்கப்பட்டு, மின்வண்டியில் கூட்டிவரப்பட்டு, மேஜைக்கு எதிரே உட்கார்த்தி வைக்கப்பட்டு, "பெயர் என்ன?" என்று கேட்கப்பட்டு, விடை தடுமாறியதும் தலையசைத்து அனுப்பப்படும் ஒருவர், தம் ஊனத்துக்குத் தாமே சாட்சியாக வந்து போனாரே அல்லாமல், தம் வழக்கில் தாம் ஒரு தரப்பாக வந்தவர் ஆகார். எதற்காக வந்தோம் என்பது அவருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால்தான் அவ்வருகைக்குப் பொருள் உண்டு.

இனி வரலாற்றுக்குள் சற்றுப் போவோம். இதில்தான் எதிர்பாராத செய்தி இருக்கிறது.

பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்குச் சொத்தில் பாகம் இல்லை, சோறும் துணியும் மட்டுமே உண்டு என்பது தர்மசாஸ்திரங்களின் பொதுவான போக்கு. 1928-இல் வந்த இந்து வாரிசுரிமை (தடை நீக்க)ச் சட்டம் குருடர், செவிடர், நோயாளர் முதலியோர்மீது இருந்த தடையை அகற்றியபோதும், பிறவியிலிருந்தே பித்தோ மூடமோ உடையவர் என்று கருதப்பட்டவரை மட்டும் பிரத்தியேகமாக விலக்கி வைத்துவிட்டது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் தன் 28-ஆம் பிரிவில், எந்த நோயையோ குறையையோ காரணமாகக் காட்டி யாருக்கும் வாரிசுரிமையை மறுக்கலாகாது என்று சொன்ன பிறகே, நாம் பேசிக்கொண்டிருக்கும் மனிதருக்குத் தந்தையின் வீட்டில் முழுப் பங்கு உண்டாயிற்று. பங்கு உண்டானதும், அதை அவர் பெயரால் ஆளுபவர் யார் என்ற கேள்வியும் கூடவே பிறந்தது.

அந்த ஆட்சிக்கு அப்போது கைவசமிருந்த சட்டம் 1912-இன் இந்தியப் பித்தர் சட்டம். அந்தப் பெயரே இன்று காதுக்கு நாராசம், சிந்தனையில் பழமையானது, மனநோயையும் அறிவுசார் குறைபாட்டையும் ஒரே சொல்லில் அடைத்த சட்டம். என்றாலும், அதன் 40-ஆம் பிரிவு ஒரு காரியத்தைத் தயக்கமின்றிச் சொன்னது: விசாரணை நடக்கும் காலத்தையும் இடத்தையும் குறித்து, யாரைப் பற்றி விசாரணையோ அவருக்கே அறிவிப்புத் தர வேண்டும். நேரில் கொடுப்பதால் பலன் இராது என்று தோன்றினால் வேறு வழியில் சார்வு செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். உறவினருக்கும், தெரிந்திருக்க வேண்டியவர் என்று நீதிமன்றம் கருதும் பிறருக்கும் நகல் அனுப்பச் செய்யலாம். அடுத்த பிரிவு, அவரை நேரில் வரவழைத்து நீதிபதியே பரிசீலிக்கவும் வழி வைத்தது. முதல் அறிவிப்பு அவருக்கு, உறவினருக்குப் போவது நகல் என்ற அந்த வரிசை முறையை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். அந்நிய அரசு நம் ஏழைகளின்பால் கொண்ட பரிவால் எழுதியதன்று இது. சொத்துள்ள ஒருவரைப் பித்தர் என்று பட்டம் கட்டி அவருடைய நிலத்தைச் சுருட்டும் சூழ்ச்சி, இங்கிலாந்திலும் இங்கும் நன்கு அறியப்பட்டதாயிருந்தபடியால், அதற்கு வைத்த பூட்டு எனலாம்.

1987-இன் மனநலச் சட்டம் அந்தப் பூட்டைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. அதன் 50-ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றம் சம்பந்தப்பட்டவருக்கோ அவரை வைத்துப் பராமரிப்பவருக்கோ அறிவிப்புச் சார்வு செய்ய வேண்டியிருந்தது. விண்ணப்பித்தவருக்கும் உறவினருக்கும் நகல் போயிற்று. ஆனால் அதே சட்டம், மனநோயாளர் என்பதற்குக் கூறிய இலக்கணத்தில் அறிவுசார் குறைபாட்டை விலக்கிவிட்டது. மருத்துவ நோக்கில் அது சரியான காரியம்; இரண்டும் ஒன்றல்ல என்று பெற்றோர் சங்கங்களும் வற்புறுத்தி வந்தன. சட்ட நோக்கிலோ அதனால் ஒரு வெற்றிடம் உண்டாயிற்று. பழைய வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்குப் புது வீடு 1999-இல்தான் கட்டப்பட்டது; கட்டியவர்கள் அகலமான வாசல் வைத்தார்கள், பழைய வீட்டிலிருந்த அந்தப் பூட்டை மட்டும் கொண்டுவரவில்லை.

ஏன் கொண்டுவரவில்லை? என் அபிப்பிராயத்தில், 1999-இன் சட்டம் தன் மனச்சித்திரத்தைப் பித்தர் சட்டத்திலிருந்து எடுக்கவில்லை. 1890-இன் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டது. அது சிறாருக்கான சட்டம். அதன் 11-ஆம் பிரிவு, பெற்றோருக்கும், பிள்ளையையோ அதன் சொத்தையோ வசத்தில் வைத்திருப்பவருக்கும், காப்பாளராக முன்மொழியப்படுபவருக்கும் அறிவிப்பு அனுப்பச் சொல்கிறது. நீதிமன்றக் கட்டடத்திலும் பிள்ளை வசிக்கும் வீட்டிலும் ஒட்டச் சொல்கிறது. பிள்ளைக்கு அறிவிப்பு என்று சொல்லவில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது பொருத்தமாயிருக்கலாம். நாற்பது வயது மனிதரை என்றும் மாறாத குழந்தையாகப் பாவிக்கும் பழக்கம் நம் வீடுகளில் அன்பின் ஒரு வடிவம். சட்டத்தில் அது புகும்போது அன்பு வெளியே நின்றுவிடுகிறது, பாவனை மட்டும் உள்ளே வருகிறது. அந்தச் சிறார் சட்டமே, பிள்ளை விவரமறிந்த வயதினதாயிருந்தால் அதன் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்று 17-ஆம் பிரிவில் கூறுகிறது என்பதையும் இங்கே சேர்த்து நோக்க வேண்டும்.

அறிவுசார் குறைபாடுடைய ஒருவரின் விருப்பத்தைக் கேளாமல் முடிவெடுப்பதன் அபாயம் கற்பனையன்று என்பதற்கு 2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கே சாட்சி. சண்டீகரில் அரசு இல்லமொன்றில் வாழ்ந்த இளம்பெண் ஒருத்தி வன்கொடுமையால் கருவுற்றாள். கருவைக் கலைத்துவிடுவதே அவள் நலத்துக்கு உகந்தது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தையைப் பெற்றெடுக்கவே அவள் விரும்பினாள். தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன், பி. சதாசிவம், பி. எஸ். சௌஹான் ஆகியோர் அமர்ந்த ஆயம் அந்த உத்தரவை நிறுத்தியது. அறிவுசார் குறைபாடும் மனநோயும் வேறு என்பதையும், வயதுவந்த பெண்ணின் சம்மதமின்றிக் கருக்கலைப்புச் செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும், அரசு தந்தைக்கு நிகரானது என்ற வாதம் அவள் விருப்பத்தை மீறப் போதாது என்பதையும் ஆகஸ்ட் 28-ஆம் தேதித் தீர்ப்பில் விளக்கியது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரியில், ஏறக்குறைய அதே பிரச்சினை பம்பாய் உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. 27 வயது மகள் கருவைக் காக்க விரும்பியிருக்க, கலைக்க அனுமதி கோரி வந்தவர் தகப்பனார். அறிவு சற்றுக் குறைந்தவர் என்பதாலேயே தாயாகும் உரிமை இல்லையாகிவிடுமா என்று நீதிபதிகள் கேட்டார்கள். இவ்விரண்டும் காப்பாளர் நியமன வழக்குகள் அல்ல. ஆயினும் இரண்டிலும் அந்தப் பெண்களின் விருப்பம் எப்படியோ நீதிமன்றத்தின் செவிக்கு எட்டியதால்தான் முடிவு மாறியது. எட்டாத இடங்களில் நடப்பவை தீர்ப்புத் தொகுதிகளில் ஏறுவதில்லை.

சட்டம் மௌனமாயிருக்கிறதே, குழு என்ன செய்யும் என்று கேட்கலாம். இதற்கு நம் நீதிமன்றங்கள் முன்பே விடை சொல்லிவிட்டன. இயற்கை நீதியின் நியமங்கள் சட்டத்தை அகற்றுவதற்கு வந்தவை அல்ல, அது பேசாத இடத்தை நிரப்ப வந்தவை என்று 1969-இன் கிரைபக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதிகாரிகளின் நிருவாகத் தீர்மானங்களையும் அவை கட்டும் என்றது. 1978-இன் மேனகா காந்தி வழக்கு, ஒருவரின் சுதந்திரத்தைத் தொடும் நடைமுறை நியாயமானதாயும் செம்மையானதாயும் இருந்தாலன்றி அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவின் முன் நிற்காது என்று நிறுவியது. தமிழர்க்கு இது புதிய போதனையன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். ஒரு தரப்பைக் கேட்டான், மறு தரப்பை அழைக்கவில்லை, அவ்வளவே.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்தபின், இந்த வாதம் இன்னும் வலுப்பெற்றுவிட்டது. 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் உறுப்பு, சட்டத்தின் முன் சமமான திறன் எல்லோருக்கும் உண்டு என்கிறது. 2007-இல் இந்தியா அதை ஏற்றுறுதி செய்தது. அந்த வாக்குறுதியை நிறைவேற்ற வந்த புதிய சட்டம், முழுக் காப்பாளர் என்ற கருத்தையே பின்னுக்குத் தள்ளி, 'வரையறுக்கப்பட்ட காப்பாளர்' என்ற ஏற்பாட்டை வைத்தது. தேவையான உதவியெல்லாம் தந்தும் தீர்மானிக்க இயலாதபோது மட்டும், குறிப்பிட்ட தீர்மானத்துக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, சம்பந்தப்பட்டவரைக் கலந்து, அவருடைய விருப்பப்படி இயங்க வேண்டிய கூட்டு ஏற்பாடு அது என்று 14-ஆம் பிரிவு வருணிக்கிறது. வேறெந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட காப்பாளரும் இனி இவ்வாறே இயங்குபவராகக் கருதப்படுவார் என்றும் அது சொல்கிறது. உத்தரவால் பாதிக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு வழியும் தருகிறது. தமக்குக் காப்பாளர் நியமிக்கப்பட்டதே தெரியாதவர் எதைக் கலந்து பேசுவார்? உத்தரவு பிறந்ததை அறியாதவர் எங்கே போய் மேல்முறையீடு செய்வார்? அறிவிப்பு இல்லாவிடில் 14-ஆம் பிரிவு முழுவதும் வீண் வாக்கியமாகிவிடுகிறது. ஆகவே, அறிவிப்பு அந்தப் பிரிவிலேயே உட்கிடையாக அடங்கியுள்ளது என்று கொள்வதே நேர்மையான வியாக்கியானம்.

அறிவிப்பு என்று ஒரு தாளை நீட்டிவிட்டால் போதுமா? போதாது என்பதை அமெரிக்காவில் 1956-இல் முடிந்த ஒரு வழக்கு காட்டுகிறது. நியூயார்க் மாநிலத்தின் சோமர்ஸ் என்னும் ஊராட்சி, வரிப் பாக்கிக்காக ஒரு பெண்ணின் வீட்டையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டது. தபாலில் நோட்டீஸ் அனுப்பியது, பொது இடத்தில் ஒட்டியது, பத்திரிகையிலும் போட்டது. சட்டம் கேட்ட மூன்றையும் குறைவறச் செய்தது. ஆனால் அவர் அதைப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை என்பதும், அவருக்காகப் பார்க்கக் காப்பாளர் எவரும் இல்லை என்பதும் ஊர் அதிகாரிகளுக்குத் தெரியும். அப்படித் தெரிந்திருந்தும் அனுப்பிய நோட்டீஸ், நோட்டீஸே அன்று என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அங்கே 2017-இல் மாநிலங்களுக்கு மாதிரியாக வகுக்கப்பட்ட காப்பாளர் சட்டம், சம்பந்தப்பட்டவரின் கையிலேயே அறிவிப்புச் சேராவிட்டால் நீதிமன்றம் மனுவை அனுமதிக்கவே கூடாது என்று கூறுகிறது. இங்கிலாந்தின் காப்பு நீதிமன்ற விதிகள் இன்னும் ஒருபடி மேலே போய், அறிவிப்பவர் எளிய சொற்களாலோ படங்களாலோ அந்த நபருக்கு ஏற்ற வேறு விதத்திலோ விளக்க வேண்டும் என்றும், விளக்கியதற்குச் சான்று தாக்கல் செய்ய வேண்டும் என்றும் வகுத்திருக்கின்றன. பெரு நாடு 2018-இல் மாற்றுத்திறனாளிகளான பெரியவர்களுக்குக் காப்பாளர் முறையையே நீக்கிவிட்டது. அவ்வளவு தூரம் நாம் உடனே போவோம் என்று நான் நம்பவில்லை.

டோம்பிவிலித் தமிழரைப் பொறுத்தவரை மொழி தனிச் சிக்கலாகி நிற்கிறது. குழுவின் நடவடிக்கைகளும் தஸ்தாவேஜுகளும் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வீட்டில் இருக்கும் அந்த மனிதர் கற்ற மொழியெல்லாம் தாயிடமிருந்து செவிவழி வந்த தமிழ். அதிலும் வீட்டுத் தமிழ், சில நூறு சொற்கள். 'அம்மா போனப்புறம் உன் பணத்தை அண்ணன் பார்த்துக்கறதா சொல்றான், உனக்குச் சம்மதமா?' என்று அந்தச் சொற்களில் கேட்டால் விடை சொல்லக்கூடியவர், மராத்தி முத்திரையிட்ட தாளைக் கண்டு மௌனமாயிருந்தால், அந்த மௌனம் இயலாமையாகக் கோப்பில் ஏறிவிடும். எல்லாப் பொது ஆவணங்களும் அணுகத்தக்க வடிவில் இருக்கச் செய்வது அரசின் கடமை என்று 2016-இன் சட்டமே 12-ஆம் பிரிவில் விதித்திருக்கிறது. தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் இத்தனை இருக்கும் பெருநகரில், தமிழறிந்த ஒரு விசேஷப் பள்ளி ஆசிரியரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்திக்கொள்வது ஆட்சியர் அலுவலகத்துக்கு அரிய காரியம் அன்று.

இடமும் ஒரு சிக்கல்தான். டோம்பிவிலியிலிருந்து கோப்பர், திவா, மும்ப்ரா, களவா தாண்டித் தானேக்குப் போகும் வண்டியில் காலை ஒன்பது மணிக்கு ஏறிப் பார்த்தவர்களுக்கு, கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்காத ஒருவரை அதில் அழைத்துச் செல்வது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தாலுகாவின் தலைமையிடமான கல்யாணில் மாதம் ஒருநாள் குழு கூடினால், அல்லது குழுவில் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்தால், பாதித் தொல்லை தீரும்.

பெற்றோர் தரப்பின் ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை அலட்சியம் செய்வது தவறு. எழுபது வயதில் நோயோடு வரிசையில் நிற்கும் தாயிடம், "உன் மகனுக்கு நோட்டீஸ் சார்வு செய்தாயா?" என்று இன்னொரு தடையை எழுப்புவது தர்மமா என்று அவர்கள் கேட்பர். நாற்பது ஆண்டு ஊட்டி வளர்த்தவளைச் சந்தேகிக்கும் குரலாகவும் அது அவர்களுக்குப் படும். நான் விரும்புவதும் கோர்ட்டு அமீனாவையும் சீல் வைத்த உறையையும் அன்று. அந்தச் சுமையைத் தாயின் தலையில் ஏற்றக் கூடாது. குழுவே ஏற்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்தவர் அல்லாத, அதனால் லாபம் எதுவும் அடையாத ஒருவர் வீட்டுக்கு வந்து, அவரோடு சற்று நேரம் உட்கார்ந்து, யார் என்ன கேட்டிருக்கிறார்கள், எந்தப் பணம், எந்த வீடு, எத்தனை காலத்துக்கு என்பதையும், வேண்டாம் என்று சொல்லலாம் என்பதையும், அண்ணனுக்குப் பதில் அத்தையோ அக்காவோ பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லலாம் என்பதையும் அவருக்குப் பழகிய சொற்களில் எடுத்துரைக்க வேண்டும். அவர் வாயாலோ முகத்தாலோ கையாலோ தெரிவித்ததை அப்படியே எழுதிக் கோப்பில் சேர்க்க வேண்டும். ஒன்றும் விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்றே எழுதட்டும். அப்படி எழுதுவதற்கும் ஒருவர் போய்ப் பார்த்திருக்க வேண்டுமல்லவா?

தாய் இருக்கும்வரை இந்த முன்னேற்பாடு மிகையாகத் தோன்றலாம். அவளுக்குப் பிறகு, மூன்று சகோதரரில் ஒருவர் மட்டும் சான்றிதழோடு வந்து ஃபிளாட்டை விற்க முனையும்போதுதான் இதன் அருமை தெரியும். பிற சகோதரரின் ஆட்சேபமின்மைக் கடிதங்கள் அவர்களுடைய நலன்களைக் காப்பவை. நடுவில் இருப்பவரின் நலனை அல்ல. மூவரும் ஒத்துப்போய்விட்டால் அவருக்காகப் பேச யாரும் மிஞ்சமாட்டார்கள்.

காகிதமே தேவைப்படாத இடங்களும் உண்டு என்பதை இடையே சொல்லிவைப்பது நல்லது. மத்திய அரசு ஊழியர், தம் காலத்திலேயே, பிள்ளையின் சார்பில் குடும்ப ஓய்வூதியம் பெறுவதற்கு ஒருவரை நியமித்து எழுதிவைக்க ஓய்வூதிய விதிகள் அனுமதிக்கின்றன. அப்படி எழுதிவைத்திருந்தால், நீதிமன்றத்தின் காப்பாளர் சான்றிதழை வங்கி வற்புறுத்தலாகாது என்று ஓய்வூதியத் துறை தெளிவுபடுத்தியிருக்கிறது. பென்ஷனுக்காக மட்டுமே காப்பாளரைத் தேடும் குடும்பம் இந்த வழியை முதலில் பார்க்கலாம். 2011-இன் மக்கள்தொகைக் கணக்கில் அறிவுசார் குறைபாடுடையோர் என்று எண்ணப்பட்டவர்கள் நாடு முழுவதும் சுமார் 15 லட்சம் பேர். அவர்களில் எல்லோருக்கும் எல்லாக் காரியத்துக்கும் காப்பாளர் வேண்டும் என்பதில்லை.

தானே மாவட்டக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கியிருக்கும் டோம்பிவிலிக் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். சட்டம் திருத்தப்படும்வரை காத்திராதீர்கள். படிவத்தில் கையெழுத்திடுமுன், யாரைப் பற்றிய படிவமோ அவரை உட்காரவைத்துத் தமிழில் விஷயத்தைச் சொல்லுங்கள். ஒரே தடவையில் முடிக்காமல் சில நாள் விட்டு மறுபடியும் சொல்லுங்கள். எந்தத் தேதியில், யார் முன்னிலையில் சொன்னீர்கள், அவர் என்ன பதில் தந்தார் என்பதைத் தனித்தாளில் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். காப்பு எந்தக் காரியத்துக்கு, எத்தனை காலத்துக்கு என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். குழுவும் தன் சார்பில் ஒருவரை அனுப்பி அவரிடம் நேரில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைச் சுட்டி, எழுத்துமூலம் கேளுங்கள். கேட்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.